மனித ஸ்டெம் செல்லுக்கு எந்த நானோ சாரம்? அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி ஓர் ஒப்பீடு

மனித ஸ்டெம் செல் வேலையைப் புதிதாகத் தொடங்கும் ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "மின்நூற்பு இழைப் பாய் வாங்கலாமா, பெப்டைட் கூழா? கிராஃபீன் நல்லது என்கிறார்களே?" பொருளில் தொடங்கினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. செல்லைச் சாரத்தில் விட்டு மூன்று வாரம் கழித்து அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவாக வேண்டும். உயிரோடு பிரித்தெடுப்பதா, சாயமேற்றிப் படம் பிடிப்பதா, சாரத்தோடு சேர்த்து விலங்கின் உடலில் வைப்பதா? அந்த முடிவு வந்துவிட்டால் இங்கே ஒப்பிடும் ஐந்து வழிகளில் மூன்று தானாக விலகிவிடும்.

சாரம் என்ற சொல் கட்டட வேலையிலிருந்து வருவது. செல் பற்றிக்கொண்டு பரவுவதற்கான சட்டகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலில் அந்த வேலையைச் செய்யும் கொலாஜன் முதலான இழைகள் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் தடிமன் கொண்டவை. வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் அந்த அமைப்பு இல்லை. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நானோ சாரத்தின் நோக்கம்.

## முதலில்: சாரமே வேண்டுமா?

செல்லைப் பெருக்க மட்டும் வேண்டும் என்றால் வேண்டாம். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும், எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பாக மாறக்கூடிய மீசென்கைமல் செல்கள் சாதாரண வளர்ப்புத் தட்டிலேயே ஒட்டி வளரும். சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் 2006-இல் வகுத்த வரையறையில் பிளாஸ்டிக்கில் ஒட்டுவதே முதல் நிபந்தனை. சதுர சென்டிமீட்டருக்கு 5,000 செல் விட்டு, தட்டு நிரம்பும் முன் பிரித்து மாற்றினால் போதும்.

முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி எடுக்கும் ஐபிஎஸ் செல்லும் கருநிலை ஸ்டெம் செல்லும் வெறும் பிளாஸ்டிக்கில் நிற்காது. அவற்றுக்கு மேட்ரிஜெல், விட்ரோனெக்டின், லாமினின்-521 என்று ஏதாவது பூச்சு வேண்டும். மேட்ரிஜெல் எலியின் சார்கோமா கட்டியிலிருந்து வடிப்பது. அதில் லாமினின்தான் பாதிக்கு மேல், அடுத்தது நான்காம் வகைக் கொலாஜன். இவை தவிர நூற்றுக்கணக்கான பிற புரதங்களும் உண்டு, ஒரு தொகுதி போல இன்னொன்று இருக்காது. 10 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உறையத் தொடங்குவதால் பனிக்கட்டியில் வைத்த பிப்பெட் முனையால்தான் எடுக்க வேண்டும். இத்தனை தொல்லை இருந்தும், பெருக்கத்துக்கு மட்டும் என்றால் எந்த நானோ சாரத்தையும்விட இந்தப் பூச்சுகளே மலிவு, எளிது. நானோ சாரம் தேவைப்படுவது செல்லை ஒரு திசுவாக மாற்றும்போது, முப்பரிமாணத்தில் வளர்க்கும்போது, அல்லது உடலுக்குள் வைக்கும்போது.

## எதை வைத்து எடைபோடுவது

திரும்ப எடுப்பது. பலர் கடைசியில் யோசிப்பதும் முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். செல்லை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கோ, புதுத் தட்டுக்கு மாற்றி வளர்க்கும் அடுத்த பாஸேஜுக்கோ செல் தனித்தனியாக, உயிரோடு வேண்டும். ஆர்என்ஏ மட்டும் போதும் என்றால் சாரத்தோடு சேர்த்துக் கரைத்துவிடலாம்.

உண்மையான முப்பரிமாணமா, கரடுமுரடான தரையா. செல்லை எல்லாப் பக்கமும் இழை சூழ்ந்திருந்தால் ஒரு கதை, இழைக்கு மேலே செல் உட்கார்ந்திருந்தால் வேறு கதை. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

விறைப்பு. எங்ளர், டிஷர் குழு 2006-இல் காட்டியது இன்றும் அடிப்படைப் பாடம். மனித மீசென்கைமல் செல் 1 கிலோபாஸ்கலுக்குக் கீழான மென்மையில் நரம்புச் செல் போலவும், 8 முதல் 17-க்குள் தசை போலவும், 25 முதல் 40-க்குள் எலும்பு போலவும் சாய்ந்தது. எனவே "நானோ அமைப்பு எலும்பாக்கியது" என்று படிக்கும்போது விறைப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

பார்க்கவும் அளக்கவும் முடியுமா. இதில் ஏமாந்தவர்கள் அதிகம். கிராஃபீன் பகுதியில் விவரமாக.

கிருமி நீக்கம், உடலுக்குள் போகும் வாய்ப்பு. அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவைத் தாங்காத பொருள்தான் அதிகம்.

| வழி | செல்லை உயிரோடு எடுப்பது | முப்பரிமாணமா | சாதாரண நுண்ணோக்கியில் | ஆட்டோகிளேவ் |
|---|---|---|---|---|
| மின்நூற்பு இழைப் பாய் | கடினம், இழப்பு அதிகம் | பெரும்பாலும் மேல்பரப்பு மட்டும் | தெரியாது | தாங்காது |
| பெப்டைட் கூழ் | முடியும், பக்குவம் வேண்டும் | ஆம் | தெரியும் | கிருமி நீக்கிய நிலையில் வாங்குவதே வழி |
| நானோசெல்லுலோஸ் கூழ் | மிக எளிது | ஆம் | தெரியும் | கிருமி நீக்கிய நிலையில் வாங்குவதே எளிது |
| டைட்டானியா நானோகுழாய் | தட்டில் போலவே | இல்லை | தெரியாது | தாங்கும், பரப்பு மாறலாம் |
| கிராஃபீன் பூச்சு | தட்டில் போலவே | இல்லை | மெல்லிய படலம் என்றால் தெரியும் | அடித்தளத்தைப் பொறுத்தது |

## மின்நூற்பு இழைப் பாய்

அதிகம் பயன்படுவது இது, அதிகம் தவறாகப் பயன்படுவதும் இதுவே.

பாலிமர் கரைசலை ஊசியில் அடைத்து, ஊசிமுனைக்கும் எதிரே உள்ள தகட்டுக்கும் இடையே உயர் மின்னழுத்தம் கொடுத்தால், துளி கூம்பாக இழுபட்டு மெல்லிய இழையாகப் பறக்கும். தொடக்கநிலை அளவுகள்: 80,000 மூலக்கூறு எடையுள்ள பாலிகேப்ரோலேக்டோன் (பிசிஎல்), 10 முதல் 12 சதவீதம், ஹெக்சாஃப்ளூரோ ஐசோப்ரொபனாலில், 12 முதல் 15 கிலோவோல்ட், மணிக்கு 1 மில்லிலிட்டர், ஊசிக்கும் தகட்டுக்கும் 12 முதல் 15 சென்டிமீட்டர். இழை சில நூறு நானோமீட்டரில் வரும். அந்தக் கரைப்பான் விலை அதிகம், நுரையீரலையும் கண்ணையும் அரிக்கும், எனவே புகை உறிஞ்சும் பெட்டிக்குள்தான் வேலை. குளோரோஃபார்மும் மெத்தனாலும் 3:1 கலந்தால் செலவு குறையும், ஆனால் இழை மைக்ரோமீட்டர் அளவுக்குத் தடித்துவிடலாம். பிறகு அதை நானோ என்று சொல்ல முடியாது.

இழையில் மணி கோத்ததுபோல் உருண்டைகள் வந்தால் செறிவு போதவில்லை. முதலில் செறிவைக் கூட்டுங்கள், மின்னழுத்தத்தைத் திருகிக்கொண்டே இருப்பதில் பலன் குறைவு. ஊசிமுனை அடைத்துக்கொண்டால் கரைப்பான் சீக்கிரம் ஆவியாகிறது என்று பொருள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் இருப்பது நல்லது. சென்னை போன்ற கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த பாயும் சித்திரையில் எடுத்த பாயும் ஒன்றாக இருக்காது. காற்றின் ஈரம் இழைமேல் படிந்து நுண்குழிகளை உண்டாக்கும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி இல்லையென்றால் ஒரு சோதனைத் தொடருக்கு வேண்டிய பாயை ஒரே நாளில் நூற்று வைத்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல் செல் விடும்போது. பிசிஎல் தண்ணீரை ஒட்டவிடாது. பாய் மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டக் கரைசலில்) மிதக்கும், செல் வழிந்து பக்கவாட்டில் இறங்கிவிடும். செய்ய வேண்டியது இது:

1. வெற்றிடத்தில் குறைந்தது 48 மணி நேரம் உலர்த்திக் கரைப்பான் எச்சத்தை நீக்குங்கள்.
2. ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சில நிமிடம், அல்லது 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துப் பரப்பை நீரேற்பதாக்குங்கள். பிளாஸ்மாவின் பலன் நாள்பட மங்கும், எனவே அதே வாரத்தில் பயன்படுத்துங்கள்.
3. 70 சதவீத எத்தனாலில் 30 நிமிடம். பிசிஎல் 60 டிகிரியிலேயே உருகும், ஆட்டோகிளேவில் வைத்தால் கையில் மெழுகுத் துண்டுதான் மிஞ்சும். எத்தனால் துளைகளுக்குள் ஈரத்தையும் ஏற்றும். உலரவிடாமல் நேராக உப்புக் கரைசலுக்கு மாற்றி மூன்று முறை கழுவுங்கள்.
4. சிலிக்கோன் வளையத்தால் அடியில் அழுத்திவைத்து, சீரம் உள்ள மீடியத்திலோ ஃபைப்ரோனெக்டின் என்னும் ஒட்டுப் புரதத்திலோ இரவு முழுதும் ஊறவிடுங்கள்.
5. சதுர சென்டிமீட்டருக்கு 20,000 முதல் 50,000 செல்லை 30 முதல் 50 மைக்ரோலிட்டர் துளியாக வைத்து, ஒரு மணி நேரம் இன்குபேட்டரில் விட்ட பிறகு மீதி மீடியத்தை ஊற்றுங்கள்.

மறுநாள் பாயைப் புதுத் தட்டுக்கு மாற்றிய பிறகே அளவீடு செய்ய வேண்டும். இல்லையென்றால் அடியிலுள்ள பிளாஸ்டிக்கில் வளர்ந்த செல்லைப் பாயின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். வெளியான முடிவுகளில்கூட இந்தப் பிழை ஒளிந்திருக்கும் என்பது எங்கள் சந்தேகம்.

இனி பெரிய குறை. இழை 300 நானோமீட்டர் என்றால் இழைகளுக்கு இடைப்பட்ட துளை சில மைக்ரோமீட்டர்தான். மிதக்கும் செல்லின் விட்டமோ 15 முதல் 20 மைக்ரோமீட்டர். செல் உள்ளே போகவே போகாது, மேலே கம்பளம் விரித்ததுபோல் படரும். துளையைப் பெரிதாக்க இழையைத் தடிப்பாக்கலாம், அப்போது நானோத்தன்மை போகும். கரைந்துபோகும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இழையைச் சேர்த்து நூற்று, பிறகு அதைக் கழுவி இடம் உண்டாக்கலாம். இது வேலை செய்கிறது, ஆனால் பாயின் வலு குறையும், இரண்டு ஊசி ஏற்பாடும் வேண்டும்.

திரும்ப எடுப்பதும் சிரமம். ஒட்டிய செல்லைப் பிரிக்கும் டிரிப்சின் நொதி ஐந்து நிமிடம் போதாது, நேரம் கூட்டினால் செல் சாகும். நூற்ற பாய் வெள்ளைத் துணிபோல் ஒளியை மறைப்பதால் செல் இருக்கிறதா என்று தினமும் பார்க்கவும் முடியாது. கண்ணாடிச் சில்லின்மேல் ஓரிரு நிமிடம் மட்டும் நூற்ற மெல்லிய பாயைத் துணைக்கு வைத்துக்கொண்டால் அதிலாவது பார்க்கலாம்.

அப்படியானால் எப்போது நல்லது? திசைதான் முக்கியம் என்னும்போது. சுழலும் உருளையில் நூற்ற இணை இழைகளில் செல் அதே திசையில் நீளும். தசைநாண், நரம்பு, தசை வேலைக்கு இதற்கு ஈடில்லை. தோலுக்கு மேலே போர்த்தும் படலத்துக்கும் சரி. உடலில் வைப்பதானால் கரையும் காலத்தைப் பாருங்கள்: பிசிஎல் இரண்டு, மூன்று ஆண்டு கிடக்கும். 50:50 விகிதப் பிஎல்ஜிஏ என்னும் பாலிமர் ஒன்றிரண்டு மாதத்தில் கரையும், கரையும்போது லாக்டிக், கிளைகாலிக் அமிலம் விடும். மீடியம் சீக்கிரம் மஞ்சளாவதற்குச் செல் பெருக்கம்தான் காரணம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

## தானாகக் கூடும் பெப்டைட் கூழ்

எம்ஐடியில் ஷுகுவாங் ஜாங் குழு உருவாக்கிய ராடா16 இதன் முன்னோடி. ஆர்ஜினைன், அலனைன், ஆஸ்பார்டிக் அமிலம், அலனைன் என்ற நான்கும் நான்கு முறை அடுக்கிய சிறு பெப்டைட் (அமினோ அமிலச் சங்கிலி). அமிலக் கரைசலில் திரவமாக இருக்கும். உப்புள்ள மீடியம் பட்டதும் 10 நானோமீட்டர் இழைகளாகக் கூடி உறையும். 99 சதவீதம் தண்ணீர். செல் நிஜமாகவே உள்ளே இருக்கும்.

இங்கே தோல்வி பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில் நடக்கும், காரணம் அமிலம். 1 சதவீதக் கரைசலின் பிஹெச் 3-ஐ ஒட்டியது, செல் அதில் அதிக நேரம் இருக்க முடியாது. எனவே செல்லை 10 சதவீதச் சுக்ரோஸில் கழுவி உப்பை நீக்குங்கள், இல்லையெனில் கலக்கும்போதே உறைந்து கட்டிதட்டும். கூழ் கெட்டியாகத் தெரிந்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் 30 நிமிடம் வைத்து இளக்குங்கள். செல்லும் கூழும் சம அளவு கலந்து, ஒரு நிமிடத்துக்குள் கிணற்றில் (வளர்ப்புத் தட்டின் குழியில்) விட்டு, சுவரோரமாக மீடியத்தை மெதுவாக ஊற்றுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் மீடியத்தை இரண்டு, மூன்று முறை மாற்ற வேண்டும். ஃபீனால் ரெட் உள்ள மீடியமே இதற்கு நல்லது, மஞ்சள் திட்டு எங்கே தெரிகிறதோ அங்கே அமிலம் தங்கியிருக்கிறது. பலர் ஒரு முறை மாற்றிவிட்டு, மறுநாள் பாதி செல் செத்துக் கிடக்க, பொருளைக் குறை சொல்கிறார்கள்.

ராடா16-இல் செல் பற்றும் கொக்கி கிடையாது. ஒட்டி வாழும் செல்லுக்கு, செல் பற்றும் சிறு அமினோ அமில வரிசைகளான ஆர்ஜிடி அல்லது லாமினினிலிருந்து வந்த ஐகேவிஏவி வரிசையைக் கோத்த வகையைக் கேளுங்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டப் குழு 2004-இல் ஐகேவிஏவி தாங்கிய நானோ இழையில் எலியின் நரம்பு முன்னோடிச் செல்களை வைத்தபோது அவை வேகமாக நரம்புச் செல்களாக மாறின. கூழின் மென்மையும் மூளைத் திசுவுக்குத்தான் பக்கம். எலும்புக்கு இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பஞ்சுமெத்தையில் ஆணி அடிக்கப் பார்க்கிறார்கள்.

பிரித்தெடுக்க: பிப்பெட்டால் கூழை உடைத்து, கழுவிச் சுழற்றி, பிறகு டிரிப்சின். துணுக்கு கொஞ்சம் கூடவே வரும், ஃப்ளோ கருவியில் அது குப்பையாகத் தெரியும். விலைதான் உறுத்தும், ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிதாகச் செலவு. ஆனால் விலங்குப் பொருள் கிடையாது. இதே பெப்டைட் இரத்தக் கசிவை நிறுத்தும் மருத்துவப் பொருளாகப் புழக்கத்தில் இருப்பதால், மனித உடலை நோக்கிப் போகிறவர்களுக்கு முன்வழி ஒன்று உண்டு.

## நானோசெல்லுலோஸ் கூழ்

பர்ச் மரக்கூழிலிருந்து ஃபின்லாந்தில் தயாராகும் பொருள் இதில் பேர்போனது. அறை வெப்பத்தில் பிப்பெட்டால் எடுக்கலாம். அழுத்தும்போது இளகும், விட்டதும் இறுகும். பனிக்கட்டி வேண்டாம், அமிலம் இல்லை. ஹெல்சிங்கி குழு 2014-இல் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய மனித ப்ளூரிபொடென்ட் செல்களை இதில் உருண்டைகளாக 26 நாள் வளர்த்து, அவற்றின் இயல்பு மாறவில்லை என்று காட்டியது.

இதன் சிறப்பு அறுவடையில். செல்லுலேஸ் நொதியை விட்டால் கூழ் கரையும், உருண்டை முழுசாக வரும். மனிதச் செல்லில் செல்லுலோஸ் கிடையாது, எனவே நொதி அதைத் தொடாது. ஆர்கனாய்டு (உறுப்பைப் போன்ற சிறு திசுக் கட்டி), உருண்டை வளர்ப்பு, மருந்துச் சோதனை என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

அதே காரணம்தான் குறையும். மனித உடலில் செல்லுலோஸை உடைக்கும் நொதி இல்லை, உள்ளே வைத்தால் அப்படியே கிடக்கும். பற்றும் கொக்கியும் இல்லை, தனித்தனியாக விட்ட மீசென்கைமல் செல் விரிந்து பரவாது.

## டைட்டானியா நானோகுழாய்

எலும்பு, பல் உள்வைப்புக்காரர்களுக்கு மட்டும். டைட்டானியம் தகட்டை 0.5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் 30 நிமிடம் மின்னாற்பகுத்தால் பரப்பில் டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) குழாய்கள் முளைக்கும். 5 வோல்ட்டில் ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டம், 20 வோல்ட்டில் 100.

எந்த விட்டம் என்பதில்தான் சண்டை. ஜெர்மனியின் எர்லாங்கன் குழு 2007-இல் 15 நானோமீட்டரே உகந்தது, 50-ஐத் தாண்டினால் செல் சாகிறது என்றது. சான் டியேகோ குழு 2009-இல் 30-இல் செல் நன்றாக ஒட்டுகிறது, 70 முதல் 100-இல் நீண்டு எலும்பாகிறது என்றது. முதலாவதில் எலியின் செல், இரண்டாவதில் மனிதனுடையது. சூடாக்கிப் படிகமாக்கியதா, ஃப்ளூரைடு எச்சம் எவ்வளவு என்பவையும் ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஒரு விட்டத்தை நம்பி மொத்தமாகத் தகடு செய்யாமல், 15, 30, 70, 100 நான்கையும் உங்கள் செல்லில் சோதியுங்கள். செய்து வைத்த தகடு காற்றிலுள்ள கரிமப் பொருளை ஏற்று நாளடைவில் நீரை விலக்கத் தொடங்கும், புற ஊதா ஒளியில் வைத்தால் மீளும்.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே எலும்புவரை போகும். கால்சியம் குளூக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது. அந்த ஏற்பாடு இல்லாத ஆய்வகம் தகட்டை வெளியில் செய்துவாங்குவதே மேல்.

## கிராஃபீன்

2011-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, கரி அணுக்களின் ஒற்றை அடுக்கான கிராஃபீன் பூச்சு மனித மீசென்கைமல் செல் எலும்பாவதை விரைவாக்குகிறது என்றது. அதே ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வு காரணத்தைத் தேடியது. கிராஃபீன், எலும்பாக்க மீடியத்தில் சேர்க்கும் டெக்சாமெத்தசோன், பீட்டா கிளிசரோபாஸ்பேட் இரண்டையும் தன் பரப்பில் ஈர்த்துச் செறிவாக்குகிறது. இன்சுலினையோ உருக்குலைக்கிறது, அதனால் கொழுப்புச் செல்லாக மாறுவது தடைபடுகிறது. கிராஃபீன் ஆக்சைடில் அந்தத் தடை இல்லை. ஆக, இங்கே விளைவு பரப்பும் மீடியமும் சேர்ந்து தருவது. மீடியத்தை மாற்றினால் விளைவும் மாறும்.

அளவீட்டில் பொறி காத்திருக்கிறது. உயிருள்ள செல்லில் மட்டும் ஊதாவாக வேண்டிய எம்டிடி சாயத்தைக் கிராஃபீனே ஒடுக்கி ஊதாவாக்கும், செல் இல்லாத கிணறும் "உயிரோடு" இருக்கும். கார்பன் நானோகுழாயில் தலைகீழ்: உண்டான ஊதா நிறமியான ஃபார்மசானைக் குழாய் பிடித்துக்கொள்ளும், நல்ல செல்லும் செத்ததாகத் தெரியும். கிராஃபீன் ஆக்சைடு ஒளிரும் சாயத்தை மங்கவைக்கும். டிஎன்ஏ அளவு, நேரடி எண்ணிக்கை என்று இரண்டாவது வழியில் சரிபார்க்காத எந்த எண்ணையும் நம்பாதீர்கள். செம்பின்மேல் வளர்த்து மாற்றிய படலத்தில் செம்பு எச்சமும் இருக்கலாம், அது செல்லுக்கு நஞ்சு.

கிராஃபீனின் இடம் மின்கடத்தலில். நரம்பு, இதயத்தசைச் செல்லுக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் எடுக்கலாம். வெறும் எலும்பாக்கத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

## எந்த நிலைமைக்கு எது

ஐபிஎஸ் செல் உருண்டையாக வேண்டும், அப்புறம் உயிரோடு வெளியே வர வேண்டும்: நானோசெல்லுலோஸ். நரம்பு, மென்திசு, பின்னாளில் ஊசிவழி உடலுக்குள்: கொக்கி கோத்த பெப்டைட். தசைநாண், நரம்பு வழிகாட்டி, போர்வைத் திசு: இணை இழைப் பாய். உலோக உள்வைப்பு: டைட்டானியா. தடித்த எலும்புத் துண்டு அல்லது குருத்தெலும்புக் கட்டி வேண்டும் என்றால் இந்த ஐந்தில் எதுவும் தனியாகப் போதாது. பெருந்துளைச் சட்டகத்துக்குள் பெப்டைட் கூழை ஊற்றும் கலப்பு வழிக்குத்தான் போக வேண்டும். அப்போதும் ஆக்சிஜன் 100 முதல் 200 மைக்ரோமீட்டர்தான் வசதியாக ஊடுருவும் என்பது நினைவிருக்கட்டும், நடுவில் செல் சாகும்.

இந்தியாவில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, மனித ஸ்டெம் செல் ஆய்வுக்கு நிறுவனத்தின் ஸ்டெம் செல் குழு வேண்டும். அதற்கான படிவத்தில் சாரத்தின் பெயரையும் மூலப்பொருளையும் முதலிலேயே எழுதிவிட்டால், பாதியில் பொருளை மாற்றும்போது தலைவலி குறையும்.

வாங்குமுன் இரண்டு வாரச் சோதனை ஒன்று போதும். ஒவ்வொரு பொருளிலும், ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஆறு கிணறு: மூன்றில் செல், மூன்றில் செல் இல்லாமல் வெறும் சாரம். பக்கத்தில் பூச்சிட்ட சாதாரணத் தட்டு. 1, 7, 14-ஆம் நாள் டிஎன்ஏ அளவு, உயிர்/சாவு சாயம், கடைசி நாளில் நீங்கள் நிஜமாகச் செய்யப்போகும் அறுவடை முறை. எலும்பாக்கம் பார்ப்பதானால் 100 நானோமோலார் டெக்சாமெத்தசோன், 10 மில்லிமோலார் பீட்டா கிளிசரோபாஸ்பேட், மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அஸ்கார்பேட் கொண்ட மீடியத்தை வெறும் சாரத்துக்கும் ஊற்றுங்கள். செல்லே இல்லாத அந்தக் கிணறும் கால்சியத்தைக் காட்டும் அலிசரின் சாயத்தில் சிவந்தால், எலும்பின் கால்சியத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட் கலந்த பாயில் சிவக்கத்தான் செய்யும், உங்கள் செல் கிணற்றின் சிவப்பில் அந்த அளவைக் கழித்த பிறகே மீதியை எலும்பு என்று எழுத வேண்டும்.